குழலில் சிக்கிய குண்டை வாயுவால் வெளியேற்றுவது: வாய்வழித் துப்பாக்கிக்கான முழுமையான வழிகாட்டி

வாய் வழியாக வெடிமருந்தையும் குண்டையும் இட்டுக் கெட்டிக்கும் துப்பாக்கியில் குண்டு சிக்கிக்கொள்வது, அதைத் தொடர்ந்து பயன்படுத்தும் எவருக்கும் ஒருநாள் நேரும். மருந்து போட மறந்துவிட்டுக் குண்டை மட்டும் கெட்டித்துவிடுவோம். அல்லது மருந்து ஈரமாகித் தீப்பிடிக்காமல் போகும். அல்லது குழலில் படிந்த கசடு இறுகிக் குண்டு பாதி வழியில் நின்றுவிடும். இங்கே தென்னாப்பிரிக்காவில் ஆப்பிரிக்கான்ஸ்காரர்கள் ஃபூர்லாயர் என்று சொல்லும் இந்தத் துப்பாக்கிகளை, 2000ஆம் ஆண்டின் 60ஆம் எண் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி தகுதிச் சான்றிதழ் பெற்று வைத்திருப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

கார்பன் டை ஆக்சைடு வாயுவால் குண்டைத் தள்ளுவது இரண்டு மூன்று வினாடி வேலைதான். குழலுக்குள் என்ன இருக்கிறது, எந்த ஆழத்தில் இருக்கிறது என்று உறுதிப்படுத்துவதற்கு அரை மணி நேரம் ஆகலாம். புதிதாக வருபவர்கள் அந்த அரை மணி நேரத்தைத்தான் விட்டுவிடுகிறார்கள். நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை வாயுவைத் திறப்பதற்கு முன்பே நடந்து முடிந்தவை.

1. கையில் இருக்க வேண்டியவை

வாயுவைச் செலுத்தும் கருவியைக் கடைகளில் டிஸ்சார்ஜர் என்றே கேட்க வேண்டும். உள்ளங்கையில் அடங்கும் அந்தக் கருவிக்குள் 12 கிராம் அல்லது 16 கிராம் வாயுக்குப்பி ஒன்றை வைத்துத் திருகினால், உள்ளே இருக்கும் ஊசி குப்பியின் வாயைத் துளைக்கும். கேப்பு (அடித்தால் வெடித்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) வைக்கும் துப்பாக்கியின் நிப்பிளுக்கு (கேப்பு பொருந்தும் துளையுள்ள சிறு முளை) ஒரு முனையும், சிக்கிமுக்கித் துப்பாக்கியின் தீத்துளைக்கு வேறொரு முனையும் உண்டு. உங்கள் துப்பாக்கிக்கு உரிய முனை சரியாகப் பொருந்துகிறதா என்பதை, காலித் துப்பாக்கியில் வீட்டிலேயே ஒருமுறை வைத்துப் பாருங்கள். குண்டு சிக்கிய பிறகு, சுடுகளத்தில் நின்றுகொண்டு, முனை பொருந்தவில்லை என்று கண்டுபிடிப்பதில் பயன் இல்லை.

இதோடு நிப்பிள் கழற்றும் சாவி, நிப்பிள் துளையைக் குத்தும் மெல்லிய கம்பி, 10 மில்லி லிட்டர் ஊசிக்குழல் ஒன்று, ஒரு புட்டி தண்ணீர், தோல் கையுறை, கண்ணாடி, காதடைப்பான், இரண்டு உதிரி வாயுக்குப்பிகள் ஆகியவையும் வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, குறியிட்ட இடிகோல், அதாவது குண்டைக் குழலுக்குள் தள்ளிக் கெட்டிக்கும் கோல். காலியாக இருக்கும் குழலில் கோலை அடிவரை விட்டு, குழலின் வாய்க்கு நேராக ஒரு கோடு போடுங்கள். வழக்கமான அளவு மருந்தும் குண்டும் கெட்டித்த பிறகு இன்னொரு கோடு போடுங்கள். இந்த இரண்டு கோடுகள் இல்லாவிட்டால், கீழே சொல்லும் 4ஆம் படி வெறும் ஊகமாகிவிடும்.

2. எந்த வாயு, எது கூடவே கூடாது

கார்பன் டை ஆக்சைடைத் தேர்ந்தெடுப்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. அது எரியாது, எரிவதற்குத் துணையும் போகாது. ஆகவே உள்ளே ஒரு தணல் ஒளிந்திருந்தாலும் அதை ஊதிப் பெருக்காது. அடுத்து, குப்பிக்குள் அது திரவமாக இருப்பதால், திரவம் தீரும்வரை அழுத்தம் அதிகம் குறையாமல் நிற்கும். 20 பாகை வெப்பத்தில் அந்த அழுத்தம் சுமார் 57 பார். ஒரு .50 காலிபர் (அரை அங்குல உள்விட்டம்) குழலின் குறுக்குப் பரப்பில் இது ஏறக்குறைய 73 கிலோ எடை தள்ளுவதற்குச் சமம்.

டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் பாதி வீட்டுக் கேரேஜுகளில் கம்ப்ரஸர் இருக்கிறது. அதையே பயன்படுத்தலாமே என்று கேட்காத புதியவர் இல்லை. கேரேஜ் கம்ப்ரஸரின் அழுத்தம் 8 பார் அளவில் நின்றுவிடும். அதே குழலில் அது கொடுக்கும் தள்ளுவிசை சுமார் 10 கிலோதான். இறுக்கமாகக் கெட்டித்த குண்டு அதற்கு அசையாது. மேலும் காற்றில் ஆக்சிஜன் இருக்கிறது. தீப்பிடிக்காமல் போன மருந்தின்மேல், தணல் இருக்கலாம் என்ற நிலையில், காற்றை ஊதுவது அடுப்பை ஊதுவதைப் போன்றது. முக்குளிப்பவர்களின் காற்று உருளையையோ, வெல்டிங் பட்டறையின் ஆக்சிஜன் உருளையையோ இந்த வேலைக்கு அருகில்கூடக் கொண்டுவர வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கையை அழுத்தமாகவே சொல்கிறேன். கேக்குக்குக் கிரீம் அடிக்கப் பயன்படும் 8 கிராம் குப்பிகள், பார்வைக்குச் சோடாக் குப்பிகளைப் போலவே இருக்கும். ஆனால் அவற்றுக்குள் இருப்பது நைட்ரஸ் ஆக்சைடு. அது எரிதலுக்குத் துணைபோகும் வாயு. ஒருமுறை எங்கள் கூட்டத்தில் ஒரு தம்பி, "அண்ணா, வீட்டிலே இது கிடந்துச்சு, அளவு கொஞ்சம் சின்னது, வாஷர் வெச்சா போதும்" என்று சொல்லி நீட்டிய பெட்டியில் இருந்தவை இந்தக் கிரீம் குப்பிகள்தான். குப்பியின்மேல் அச்சிட்டிருக்கும் பெயரைப் படிக்காமல் எதையும் கருவிக்குள் வைக்காதீர்கள்.

குப்பிகளை வைத்திருக்கும் இடமும் முக்கியம். டர்பனின் கோடையில் வெயிலில் நிறுத்திய பக்கியின் (பிக்கப் வண்டியின்) உள்ளறை மிக விரைவில் சூடேறும். 50 பாகையைத் தாண்டும் இடத்தில் குப்பிகளை விட்டுச் செல்லக்கூடாது. குளிர்காலத்தில் நிலைமை எதிர்மாறானது. உறைநிலையில் குப்பியின் அழுத்தம் 35 பாருக்குக் குறைந்துவிடும். ஆகவே ஜூலை மாதக் காலையில் உள்நாட்டு மேட்டுநிலமான ஹைவெல்டில் சுடப் போகிறவர்கள், குப்பியைச் சட்டைப் பைக்குள் வைத்து உடல்சூட்டில் வைத்திருப்பது நல்லது. வெந்நீரிலோ நெருப்பருகிலோ வைத்துச் சூடேற்றக் கூடாது.

3. காத்திருங்கள், பிறகு தீயின் வழியை அடையுங்கள்

விசையை இழுத்தும் சுடவில்லை என்றால், குழலைச் சுடுதிசையிலேயே வைத்துக்கொண்டு குறைந்தது 2 நிமிடம் அசையாமல் நில்லுங்கள். கேப்பு வெடித்துப் பல வினாடிகள் கழித்து மருந்து பற்றிக்கொள்வது உண்டு. பக்கத்தில் இருப்பவரிடம் காட்டுவதற்காகத் திரும்புவதுதான் இந்த நேரத்தில் எல்லோரும் செய்யும் தவறு. மனிதர் பேச்சுக்கு முகம் திருப்பும்போது துப்பாக்கியும் கூடவே திரும்பிவிடும்.

பிறகு கேப்பை எடுத்துவிடுங்கள். சிக்கிமுக்கித் துப்பாக்கியானால் கிண்ணத்திலுள்ள மருந்தைத் துடைத்து, கல்லையும் கழற்றி வையுங்கள். கேப்பு டப்பாவும் மருந்துக் கொம்பும் நீங்கள் வேலை செய்யும் மேசையில் இருக்கக் கூடாது. பின்னால் குதிரையை (விசையை இழுத்ததும் கேப்பின்மேல் விழும் சுத்தியலை) முழுவதும் இழுத்து நிறுத்த வேண்டிய படி ஒன்று வரும், அப்போது கேப்பு எங்கும் இல்லை என்பது உறுதியாக இருக்க வேண்டும்.

குண்டு அடிவரை இறங்கியிருந்து, மருந்தும் காய்ந்தே இருந்தால், நிப்பிளைக் குத்திச் சுத்தம் செய்து, புதுக் கேப்பு வைத்துச் சுடுவதே வழக்கம். அது பலிக்காதபோதும், அதைச் செய்யக் கூடாத நிலையிலும்தான் இனி வரும் படிகள் வேண்டும். எப்போது செய்யக் கூடாது என்பதை அடுத்த படி காட்டும்.

4. ஆழத்தை அளந்து பாருங்கள்

குழலின் வாய்க்கு நேராக உடலையோ முகத்தையோ கொண்டுவராமல், பக்கவாட்டில் நின்று, இடிகோலை விரல் நுனிகளால் பிடித்து மெதுவாக உள்ளே விடுங்கள். உள்ளங்கையால் மூடிப் பிடிக்காதீர்கள். கோல் நின்ற இடத்தில் உங்கள் குறி எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

காலிக் கோட்டுக்கு மேலே குண்டின் அளவு மட்டுமே உயர்ந்து நின்றால், மருந்து இல்லாமல் குண்டு மட்டும் அடியில் இருக்கிறது. கெட்டித்த கோட்டுக்கு நேராக நின்றால், மருந்தும் குண்டும் அதனதன் இடத்தில் இருக்கின்றன. கெட்டித்த கோடு வாய்க்கு வெளியே உயர்ந்து தெரிந்தால், குண்டு பாதி வழியில் நிற்கிறது.

ஒலியும் உதவும். உலோகக் கோல் வெறும் இரும்பில் பட்டால் 'டிங்' என்று ஒலிக்கும். ஈயத்தில் பட்டால் 'தொக்' என்று மங்கும். ஆனால் கசடு அதிகமான குழலில் ஒலி ஏமாற்றும் என்பதால், குறிதான் சான்று.

அளந்து முடித்ததும் கோலை வெளியே எடுத்துத் தரையில் வையுங்கள். கோல் உள்ளே இருக்கும்போது வாயுவைத் திறந்தால், குண்டுக்கு முன்னால் அந்தக் கோல் அம்பாகப் பாயும்.

5. குண்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது

இந்த வழிகாட்டியில் அவசரப்படாமல் படிக்க வேண்டிய பகுதி இதுதான்.

மருந்து இல்லாமல் குண்டு மட்டும் அடியில் இருந்தால் வேலை எளிது. பின்னால் இடைவெளி குறைவாக இருப்பதால் வாயுவின் அழுத்தம் முழுவதும் குண்டின்மேல் விழும். நேராக 6ஆம் படிக்குப் போகலாம். ஆனால் மருந்து போடவில்லை என்று உங்களுக்கு 'நினைவு' இருப்பது போதாது. கோலின் குறி அதைச் சொல்ல வேண்டும்.

மருந்தும் குண்டும் சரியான இடத்தில் இருந்தால், மருந்தை முதலில் செயலிழக்கச் செய்வதே என் வழக்கம். கரிமருந்தில் நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பு. அது தண்ணீரில் கரைந்து கரியையும் கந்தகத்தையும் விட்டுப் பிரிந்துவிட்டால், மிஞ்சுவது வெறும் சேறு. நிப்பிளைக் கழற்றி, ஊசிக்குழலால் அந்தத் துளை வழியாகத் தண்ணீரை ஏற்றி, 20 நிமிடம் விட்டு, துப்பாக்கியைச் சாய்த்து வடியவிடுங்கள். கறுப்பு நீர் வடியும். வடிவது வெளுக்கும்வரை மீண்டும் மீண்டும் ஏற்றுங்கள். சிலர் காய்ந்த மருந்தோடு அப்படியே வாயுவால் தள்ளிவிடுகிறார்கள். கார்பன் டை ஆக்சைடு எரியாது என்பதால் அது நடக்கும்தான். ஆனால் 60 கிரெயின் மருந்து, அதாவது சுமார் 4 கிராம் தூள், வாயிலிருந்து புகைபோல் பறந்து சுற்றுமுற்றும் படிவதை நான் விரும்பவில்லை. தீப்பிடிக்காமல் போன மருந்தானால், தணல் பற்றிய ஐயமும் தண்ணீரோடு தீர்ந்துவிடும்.

மூன்றாவது நிலை, குண்டு பாதி வழியில் நின்று, அதற்குக் கீழே மருந்து இருப்பது. இதுதான் ஆபத்தானது. இந்த நிலையில் ஒருபோதும் சுடக் கூடாது. மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே வெற்றிடம் இருக்கும்போது மருந்து எரிந்தால், இடையில் நிற்கும் குண்டு அடைப்பாகிவிடும். குழல் அந்த இடத்தில் உப்பும் அல்லது பிளக்கும்.

கடற்கரையோரத்து ஈரக் காற்றில் பழகிய டர்பன்காரர்களுக்கு இது உள்நாட்டில்தான் பெரும்பாலும் நேர்கிறது. டர்பனில் கசடு ஈரத்தை உறிஞ்சி மென்மையாகவே இருக்கும். கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் உள்ள ஜொகானஸ்பர்க் பக்கம், குளிர்காலத்து வறண்ட காற்றில், அதே கசடு நான்கைந்து சூட்டுக்குள் ஓடுபோல் இறுகிவிடும். ஜொகானஸ்பர்க் அருகிலுள்ள லெனேசியாவிலிருந்து வந்த உறவினர் ஒருவரோடு அங்கே சுடப் போனபோது, ஆறாவது குண்டு வாயிலிருந்து ஒரு சாண் ஆழத்தில் நின்றுவிட்டது. அவர் மரக்கோலின் தலையை ஒரு கட்டையால் தட்டத் தொடங்கினார். அடிக்க அடிக்க மென்மையான ஈயம் தட்டையாகி, குழலின் உட்சுவரில் வெட்டிய வரிப்பள்ளங்களுக்குள் மேலும் இறுகியது. கோலில் நீளவாக்கில் விரிசல் விட்டது. இன்னும் இரண்டு அடி விழுந்திருந்தால், சிம்பு உள்ளங்கையைத் துளைத்திருக்கும். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். அன்று தண்ணீர் ஏற்றிக் காத்திருந்த பின், முதல் குப்பியிலேயே குண்டு வந்துவிட்டது.

ஆகவே இந்த நிலையில் இரண்டு பக்கமும் நனைக்க வேண்டும்: நிப்பிள் துளை வழியாக மருந்துக்கு, வாய் வழியாகக் கசடுக்கு. வாயில் விடும் தண்ணீரில் சில துளி சோப்பு கலந்தால் கசடு விரைவில் இளகும். பத்து நிமிடம் கழித்து அதை வடித்துவிடுங்கள். குண்டுக்கு முன்னால் தண்ணீர் நின்றால் அதுவும் தள்ளவேண்டிய சுமையே.

6. வாயு போகும் வழியைத் திறங்கள்

நிப்பிளின் நடுத்துளை ஊசிமுனை அளவே இருக்கும். அதில் கசடோ, பழைய எண்ணெயோ, நனைந்த மருந்தின் சேறோ அடைத்துக்கொண்டால், குப்பியில் உள்ள வாயு முழுவதும் முனையின் ஓரத்தில் கசிந்து வீணாகும். என் முதல் முயற்சியில் மூன்று குப்பிகளை அப்படித்தான் தொலைத்தேன். மாதக்கணக்கில் வைத்திருந்த துப்பாக்கியின் தீவழியில் எண்ணெய் கெட்டியாகிக் கிடந்ததை அதற்குப் பிறகே கண்டேன்.

நிப்பிளை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துத் துளை தெரிகிறதா என்று பாருங்கள். அது திருகப்படும் துளையையும் கம்பியால் குத்தி வழியாக்குங்கள். பிறகு நிப்பிளை மீண்டும் இறுக்கமாகத் திருகுங்கள். தளர்வாக இருந்தால் புரிகளின் வழியே வாயு கசியும். சிக்கிமுக்கித் துப்பாக்கியின் தீத்துளை 2 மி.மீ. அளவில் இருப்பதால், கம்பியை ஒருமுறை விட்டு எடுத்தால் போதும்.

பின்பக்க அடைப்பைக் கழற்றக்கூடிய புதுவகைத் துப்பாக்கியானால், மருந்தை நனைத்த பிறகு அடைப்பைக் கழற்றி, பின்னாலிருந்தே கோலால் தள்ளிவிடலாம். அதற்கு வாயு தேவையில்லை.

7. குண்டு போய் விழும் இடம்

வாயுவில் வெளிவரும் குண்டு மெதுவாக உருண்டு விழும் என்று நினைப்பவர்கள் பலர். .50 காலிபர் துப்பாக்கிக்குரிய .490 அளவு ஈயக் குண்டு சுமார் 11 கிராம் இருக்கும். அது பலகையைப் பிளக்காவிட்டாலும், மனித உடலைக் காயப்படுத்தும் வேகத்தில் வரக்கூடும். இதைச் சுடுவதாகவே கருதி, சுடுகளத்தின் மண்மேட்டை நோக்கிச் செய்யுங்கள். வீட்டில் செய்ய வேண்டிய நிலை வந்தால், சர்க்கரை மூட்டைச் சாக்கில் மணலை நிரப்பி, அதற்கு முன்னால் பழைய கம்பளியைச் சுருட்டி வையுங்கள். குழலின் வாய்க்கும் கம்பளிக்கும் இடையே அரை மீட்டர் இடைவெளி விடுங்கள். வாயைச் சாக்கில் அழுத்தி வைத்தால் மணலே அடைப்பாகிவிடும்.

வீட்டுச் சுவரை நம்ப வேண்டாம். ஈயம் சுவரில் பட்டுத் திரும்பி வரும். பிள்ளைகளையும் நாயையும் உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்தியபின் தொடங்குங்கள்.

8. வாயுவைச் செலுத்துதல்

துப்பாக்கியைத் தாங்கியில் கிடத்தி, ஒருவர் அசையாமல் பிடித்துக்கொள்வது நல்லது. குதிரை பாதி நிலையில் நின்றால் பல துப்பாக்கிகளில் முனை நுழைய இடம் போதாது; முழுவதும் பின்னுக்கு இழுத்து, தோல் வாரால் கட்டி வையுங்கள். வார் இல்லாமல் விசையில் கை பட்டுவிட்டால், குதிரை உங்கள் விரலின்மேல் விழும்.

கையுறை, கண்ணாடி, காதடைப்பான் ஆகியவற்றை அணிந்த பிறகே குப்பியைத் திருகித் துளையுங்கள். விரிவடையும் வாயு கடுமையாகக் குளிரும். குப்பியின் தோளில் வெண்பனி படிவதைக் கண்ணால் பார்க்கலாம், வெறுங்கையில் பிடித்தால் தோல் ஒட்டிக்கொள்ளும்.

முனையை நிப்பிளின்மேல் நேராக, முழு பலத்தோடு அழுத்துங்கள். அழுத்தம் கொடுத்த பிறகே வாயுவைத் திறக்க வேண்டும். திறந்த பிறகு அழுத்தினால் முதல் வீச்சு வெளியே போய்விடும். ஒரே தடவையாக, இரண்டு வினாடி திறந்து வையுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டித் தட்டித் திறப்பவர்கள் இருக்கிறார்கள்; ஒவ்வொரு இடைவெளியிலும் வாயு வரிப்பள்ளங்களின் வழியே கசிந்து, அழுத்தம் சேராமலே குப்பி தீர்ந்துவிடும். 'தப்' என்ற ஓசையோடு குண்டு வெளியேறும்.

9. குண்டு வராவிட்டால்

உடனே குழலுக்குள் எட்டிப் பார்க்காதீர்கள். குண்டுக்குப் பின்னால் அழுத்தம் தேங்கியிருக்கலாம். முதலில் முனையை நிப்பிளிலிருந்து எடுங்கள். 'உஸ்' என்று வாயு திரும்பி வெளியேறினால் வழி திறந்திருக்கிறது, குண்டுதான் இறுகியிருக்கிறது என்று பொருள். ஓசையே இல்லாவிட்டால் வழி அடைந்திருக்கிறது. 6ஆம் படிக்குத் திரும்புங்கள். ஒரு நிமிடம் கழித்து, பக்கவாட்டில் நின்று, கோலால் மீண்டும் அளந்து பாருங்கள். ஒரு விரற்கடை நகர்ந்திருந்தால்கூட அடுத்த குப்பியில் வந்துவிடும்.

இரண்டு குப்பிகளிலும் அசையாவிட்டால் மூன்றாவதை வீணாக்காமல் கிரீஸுக்கு மாறுங்கள். நிப்பிளைக் கழற்றிவிட்டு, அதே புரி உள்ள கிரீஸ் நிப்பிளைத் திருகி, கைப்பம்பால் கிரீஸ் ஏற்றினால், குண்டு அங்குலம் அங்குலமாக மேலேறி வரும். கால் அங்குல விட்டத்தில் அங்குலத்துக்கு 28 புரி உள்ள நிப்பிள்களுக்கு, மோட்டார் உதிரிபாகக் கடையில் பொருத்தமான கிரீஸ் நிப்பிள் கிடைக்கும். சில ஐரோப்பியத் துப்பாக்கிகளில் 6 மி.மீ. விட்டத்தில் 0.75 மி.மீ. இடைவெளிப் புரி இருக்கும். கடையில் பரவலாகக் கிடைக்கும் 6 மி.மீ. கிரீஸ் நிப்பிள் 1.0 மி.மீ. இடைவெளிப் புரி கொண்டது. இரண்டும் கையில் ஒன்றுபோலத் தோன்றும். வலிந்து திருகினால் துப்பாக்கியின் புரியே கெட்டுவிடும்.

குண்டில் திருகாணி ஏற்றி வெளியே இழுக்கும் முறையை நான் கடைசியில்தான் வைத்திருக்கிறேன். இழுக்கும்போது குழலின் வாய் உங்கள் பக்கம் திரும்புவதைத் தவிர்ப்பது கடினம். மருந்து முற்றிலும் கரைந்துவிட்டது என்ற உறுதி இல்லாமல் அதைத் தொடவே கூடாது.

10. வெளியே வந்த பிறகு

குண்டையும், அதைச் சுற்றிக் கெட்டித்த சுற்றுத்துணியையும் தேடி எடுங்கள். துணி வராமல் உள்ளே தங்கியிருந்தால் அதுவும் ஓர் அடைப்புதான். குண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள்: துணியின் இழைகள் ஈயத்தில் ஊடும்பாவுமாக வளையம்போல் சுற்றிலும் பதிந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஆழமாகவும் மறுபக்கம் வழவழப்பாகவும் இருந்தால், குண்டு கோணலாகக் கெட்டிக்கப்பட்டிருக்கிறது. துணி கிழிந்து கருகிய கசடு ஒட்டியிருந்தால், சூடுகளுக்கு இடையே நீங்கள் குழலைத் துடைக்கவில்லை. வறண்ட இடத்தில் ஒவ்வொரு சூட்டுக்கும் ஒரு ஈரத்துணி, பிறகு ஒரு உலர்துணி விட்டு எடுத்தால் இது மீண்டும் நேராது.

தண்ணீர் போன குழலை அன்றே கழுவ வேண்டும். மறுநாள் காலைக்குள் துரு பிடித்துவிடும். சோப்பு நீரில் கழுவி, உலர்த்தி, எண்ணெய் இட்டபின், நிப்பிளைக் கழற்றி அதன் புரியிலும் ஒரு துளி விடுங்கள். கடைசியாக இடிகோலை மீண்டும் உள்ளே விட்டு, காலிக் கோடு வாய்க்கு நேராக நிற்கிறதா என்று பாருங்கள். நேராக நின்று, 'டிங்' என்ற ஒலியும் கேட்டால், குதிரையைக் கட்டிய தோல் வாரை அவிழ்த்து, அதை மெதுவாக இறக்கி வைக்கலாம்.